பவளம் வீட்டுச் சம்பந்தம்

ஜனவரி 5, ஞாயிறு

டயர் கடைக்காரர் வருடா வருடம் ஒரு டைரி கொடுக்கிறார். அது வருடா வருடம் எழுதாமலே பழைய பேப்பர்காரரிடம் போகிறது. இந்த முறை எழுதிப் பார்க்கலாமென்று இருக்கிறேன். இன்று மிருதுளா முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

என்னிடம் கேட்டாள் என்று சொல்ல முடியாது. என் காதில் விழும்படி அவள் அம்மாவிடம் கேட்டாள். அவளுடைய நீச்சல் கோச் வீட்டில் இருப்பது போல ஒரு பூடில் குட்டி வேண்டுமாம்.

சுகந்திக்கும் எனக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு இது முதல் கல்யாணம், சுகந்திக்கு இரண்டாவது. மிருதுளாவின் அப்பா அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. மரியாதையான பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தட்டைக் கழுவி வைப்பாள், காரில் பின் சீட்டில் அம்மாவுக்குப் பின்னால் உட்காருவாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்பாள். இல்லையென்றால், "அம்மா, அவருக்கு போன் அடிக்குது."

நான் பூபதி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு நான் 'சார்'. அந்த வார்த்தையைக்கூட அவள் தொடவில்லை.

"வாங்கிடலாம்" என்றேன்.

"ஏங்க, உங்களுக்கு நாய்ன்னா தும்மல் வருமே?" என்றாள் சுகந்தி.

அது சின்ன வயதுச் சமாச்சாரம். பூடிலுக்கு முடியே கொட்டாதாம். யூடியூபில் ஒருவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்.

ஜனவரி 11, சனி

சத்தி ரோடு பெட்ரோல் பங்க் பக்கத்தில் வரச் சொன்னான், போனில் பிடித்த ஆள். அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்தான். அறுபது நாள் ஆகிவிட்டது என்றான். அது நிற்கவே தடுமாறியது. கண் ஓரமெல்லாம் பீளை.

மிருதுளா குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். "இதோட அம்மா எங்க?"

"பண்ணைல இருக்கு பாப்பா. அங்கெல்லாம் யாரையும் விட மாட்டாங்க."

பானெட்டைத் திறந்து பார்க்காமல் பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அப்படிப்பட்ட என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. அவள் கையில் அந்தக் குட்டி இருக்கிற காட்சியை மனதில் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். மிருதுளாதான் நிமிர்ந்து, "வேணாம். அம்மாவைக் காட்டாம குடுக்கிறாங்க" என்றாள்.

பின் சீட்டில் வீடு வரைக்கும் அழுதாள். வாங்காததற்காக அல்ல. அதை அங்கேயே விட்டு வந்ததற்காக.

ஜனவரி 12, ஞாயிறு

குட்டி எப்படியிருக்கிறது என்று கேட்கலாமென்று அவனுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவு முடியவில்லை, ஆனால் டாக்டர் யாழினிக்கு அவசரம். கால்நடை மருத்துவர். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் கார் பழகியவர். ரிவர்ஸ் எடுக்க மட்டும் இன்னும் கூப்பிடுவார். இன்று அவர் ரிவர்ஸ் எடுக்க, நான் கதையைச் சொன்னேன்.

"வாங்காம வந்தீங்களே, நல்லவேளை சார். அதை வாங்கியிருந்தா அவன் அடுத்த வாரம் இன்னும் பத்து கொண்டு வருவான்" என்றார். பிறகு ஒரு நம்பர் கொடுத்தார். "கோகிலவாணி அக்கா. வடவள்ளி தாண்டி வீடு. அவங்க நாய் விக்கிறவங்க இல்ல, நாய் குடுக்கிறவங்க. உங்களுக்குக் குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று என்ன கேள்வி?

ஜனவரி 19, ஞாயிறு

முதல் முறையாக ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று பூ, பழம், அரைக்கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டேன். சுகந்தி பட்டுக்குக் கொஞ்சம் குறைவான சேலை கட்டினாள். மிருதுளா எங்கள் இருவரையும் பார்த்து, "நாய்க்குட்டி பார்க்கப் போறமா, பொண்ணு பார்க்கப் போறமா?" என்றாள். சிரித்தேன். அங்கே போனதும் சிரிப்பு போய்விட்டது. பொண்ணு பார்க்கப் போனது நாங்கள் அல்ல, அவர்கள்தான் எங்களை மாப்பிள்ளை வீடாக வைத்து விசாரித்தார்கள்.

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. பக்கத்துக் காலி மனைக்கு அந்தப்புறம் நிறுத்திவிட்டு, இடுப்புயரம் வெள்ளைப் பூ பூத்துக் கிடந்த செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தோம். கோகிலவாணி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு இருக்கும். செருப்பை வெளியே விடச் சொன்னார், கையைக் கழுவச் சொன்னார், தரையில் உட்காரச் சொன்னார். மைசூர்பாவை வாங்கி எட்டாத உயரத்தில் வைத்தார்.

பிறகு கேள்வி. சொந்த வீடா? மொட்டை மாடிச் சுவர் எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் யார்? வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள்? பூடிலுக்கு முடி கொட்டாது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் சடை விழும், யார் சீவுவது? லைசென்ஸ் டெஸ்டில் ஆர்டிஓகூட இத்தனை கேட்பதில்லை.

"வீட்டுல யாருக்காச்சும் வீசிங், அலர்ஜி உண்டுங்களா? பூடில்னா தும்மலே வராதுன்னு சொல்றாங்கல்ல, அதை நம்பாதீங்க. எச்சியும் தோலும் எல்லா நாய்க்கும் ஒண்ணுதான். கம்மியா இருக்கலாம், இல்லாம இருக்காது."

"இல்லீங்க்கா" என்றேன். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் மைசூர்பாவைப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு எதுவும் இல்லைதானே. அடுத்த நிமிடம் ஏழெட்டுத் தும்மல் வந்தது. அது ரோட்டுத் தூசி.

அதற்குள் உள்ளேயிருந்து அவர்கள் வீட்டுப் பூடில் பவளம் வந்தது. இளஞ்செம்மண் நிறம், சுருள் சுருளாக முடி, பெரிய வயிறு. நேராக மிருதுளாவிடம் போய் மடியில் தலையை வைத்தது. "எம் பொண்ணு யார்கிட்டயும் இப்பிடிப் போக மாட்டா" என்றார் அக்கா. பவளம் அவருக்கு மகள். பிறக்கப்போவது பேரன் பேத்திகள். தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் காட்டி, "பவளம், குட்டிங்களோட அப்புச்சி வர்றாரு பாரு" என்கிறார். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற அப்பாவை அப்புச்சி என்போம். அந்த மனிதர் கூச்சமே இல்லாமல், "அப்புச்சி வந்துட்டேன் சாமி" என்று பதில் சொல்கிறார். நல்ல வேடிக்கை.

அட்வான்ஸை நீட்டினேன். வாங்கவில்லை. "குட்டி பொறந்து ஒரு மாசம் வெளியாள் வரக்கூடாது. அப்புறம் நாலஞ்சு ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து சும்மா உக்காருங்க. குட்டிங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகுதான்னு பார்க்கலாம். அப்புறம் பேசிக்கலாம்."

ஜனவரி 24, வெள்ளி

பவளத்துக்கு நான்கு குட்டிகள். இரண்டு ஆண், இரண்டு பெண். எல்லோரும் சுகம். மிருதுளா ஸ்கூல் பேக்கைக் கழற்றாமலே போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8, சனி

கிளட்சில் காலை வைத்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறார் புதிதாகச் சேர்ந்த பேங்க் மேனேஜர். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று முதல்முறை குட்டிகளைப் பார்த்தோம். கிளம்பும் முன் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். பனிக்காலம், முன்னெச்சரிக்கை நல்லதுதானே.

பெண் குட்டிகளில் ஒன்றுக்கு மார்பில் வெள்ளை. மற்றவை ஒன்றன் மேல் ஒன்று விழுந்து பால் குடிக்க, இது தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, கடைசியாக வந்து நடுவில் நுழைந்து இடம் பிடித்தது. "இவதான்" என்று மிருதுளா வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

அக்கா எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார். பவளத்துக்குக் கண், இடுப்பெலும்பு பரிசோதனை செய்ததை, தடுப்பூசி போட்டதை. பவளத்துக்கு இது இரண்டாவது பிரசவமாம், இதோடு போதுமாம். "அவளும் வாழணுமில்ல" என்றார். கடைசியாகச் சொன்னார்: "நாளைக்கு உங்களால வெச்சுக்க முடியலைன்னா, எத்தனை வயசானாலும் இங்க கொண்டாந்து விட்டுருங்க. வேற யார்கிட்டயும் தள்ளி விடாதீங்க. எம் பேத்திக்கு இந்த வீட்டுக் கதவு எப்பவும் தொறந்திருக்கும்."

சுகந்தி திடீரென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் புருஷன் இறந்தபோது அவளுடைய அண்ணன் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு நான் போய் அவளுக்குப் பிடித்த கொத்து புரோட்டா வாங்கிவந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டு மாத்திரை. கண் மட்டும் கொஞ்சம் சிவந்தது. ஏசி காற்று ஒத்துக்கொள்வதில்லை.

வெள்ளை மார்புக்காரி மிருதுளாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றினாள். மிருதுளா வாய்விட்டுச் சிரித்தாள். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. காரில் வரும்போது பின் சீட்டிலிருந்து, "இங்க பாருங்க, அவ என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டுனதைக் கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்தேன் என்றேன். அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். சுகந்தி தூங்குகிறவள் போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் அதே குட்டியைக் கேட்கிறார்களாம். பெரிய பங்களா, தோட்டம். எங்களிடம் இருப்பது மொட்டை மாடி.

மார்ச் 9, ஞாயிறு

மாத்திரை தீர்ந்திருந்தது. மருந்துக்கடை பூட்டியிருந்தது. ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

காலி மனையைத் தாண்டும்போதே மூக்கு அடைத்தது. உள்ளே போய் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. சிரித்து மழுப்பப் பார்த்தேன். சிரிக்க மூச்சு வேண்டுமே. அக்காவின் வீட்டுக்காரர் ஓடிவந்து வெளித் திண்ணையில் உட்கார வைத்து முதுகை நீவினார். சுகந்தி பயந்துவிட்டாள்.

மிருதுளா மடியிலிருந்த குட்டியைத் தூக்கி பவளத்திடம் விட்டாள். துப்பட்டாவை அதன் வாயிலிருந்து மெல்ல விடுவித்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள்: "எங்களுக்குக் குட்டி வேணாம் ஆன்ட்டி. திருப்பூர்க்காரங்களுக்கே குடுத்துருங்க. இவருக்கு ஆகாது. இவரு ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டுட்டுத்தான் வர்றாரு. காலி அட்டையைக் கார்ல பார்த்தேன்."

"கண்ணு..." என்றார் அக்கா.

"இவருக்கு மூச்சு நின்னு போச்சுன்னா?"

ஒருமுறை ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளை கேட்கிற கேள்வி அது. நான் இத்தனை நாள் ரோட்டுத் தூசி, பனி, ஏசி என்று எழுதிக்கொண்டிருந்ததையெல்லாம் அடித்துவிடலாம் போல இருந்தது. பேனா மை வீண்; இருக்கட்டும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "எனக்குப் போன வாரமே தெரியும் தம்பி. சிவந்த கண்ணோட ஒருத்தர் வந்து உக்காந்து, தும்மலை முழுங்கிட்டு, புள்ளை சிரிக்கறதை மட்டும் பார்த்துட்டு இருந்தா எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். முதல்ல டாக்டரைப் பாருங்க. அவரு என்ன சொல்றாரோ அதுதான். அதுவரைக்கும் குட்டி எங்கயும் போகாது."

"திருப்பூர்க்காரங்க?"

"அவங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கா. ஆசைப்பட்டதை அடுத்தவங்களுக்காக வேணாம்னு சொல்ற புள்ளை கையில குடுக்கத்தான் நான் இத்தனை கேள்வி கேக்கறது."

வரும்போது சுகந்தி ஓட்டினாள். நான் பழக்கிய ஓட்டம்தான், ஆனாலும் தடாகம் ரோட்டில் தேர்ட் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். "கியர்... மாத்து..." என்றேன். பின் சீட்டிலிருந்து மிருதுளா எட்டி, "பேசாம வாங்க!" என்று அதட்டினாள்.

பத்து மாதத்தில் என்னை அவள் அதட்டியது இதுதான் முதல்முறை. அதட்டு வாங்கிச் சந்தோஷப்பட்ட ஆள் கோயமுத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 12, புதன்

அலர்ஜி டாக்டர் சொன்னார்: மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள், தோலில் டெஸ்ட் எடுக்க வேண்டும். இழுப்பு வந்தால் அடிக்க ஒரு இன்ஹேலர் கொடுத்தார்.

மார்ச் 15, சனி

தும்மல். காலையில் நான் எழுவதற்குள் ஆவி பிடிக்க வெந்நீரும் துண்டும் மேஜையில் தயாராக இருந்தன. சுகந்தி என்று நினைத்து நன்றி சொன்னேன். "நான் வைக்கலைங்க" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

கையில் பேனாவால் எண் போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டு, ஊசியால் குத்தினார்கள். மிருதுளா ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எந்த எண் நாய் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புள்ளியில் ஒரு கொசுக்கடி அளவுக்குத் தடித்தது. வேறொரு புள்ளி மட்டும் எட்டணாக் காசு அகலத்துக்கு வீங்கியது.

"இது பார்த்தீனியம்" என்றார் டாக்டர். "வெள்ளையா பூ பூக்குமே, காலி இடத்துல எல்லாம் கிடக்கும். சமீபத்துல அது பக்கம் போனீங்களா?"

மிருதுளாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒவ்வொரு ஞாயிறும் அதற்குள் நீந்திக்கொண்டல்லவா போயிருக்கிறோம்! நாய் மேல் பழியைப் போட்டு, அந்தச் செடி சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் அத்தோடு விடவில்லை. நாய்க்கும் கொஞ்சம் இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். நாய் வீட்டுக்கு வந்தபின் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், படுக்கையறைக்குள் விடக்கூடாது, சீவுவதும் குளிப்பாட்டுவதும் வேறு யாராவது செய்ய வேண்டும், இழுப்பு திரும்ப வந்தால் மறைக்காமல் வர வேண்டும்.

"நான் சீவுவேன். இவரு மறைச்சா நான் சொல்லுவேன்" என்றாள் மிருதுளா டாக்டரிடம்.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அக்காவுக்கு போனில் சொல்லியிருந்தேன், அந்தக் 'கொஞ்சம்' உட்பட. இன்று போனால் காலி மனை மொட்டையாகக் கிடக்கிறது. அக்கா மனைக்காரரைச் சத்தம் போட்டு, ஆள் விட்டுக் கையுறை போட்டுப் பிடுங்க வைத்திருக்கிறார். "உங்களுக்காக ஒண்ணும் இல்ல தம்பி, அது யாருக்கும் ஆகாது" என்றார். எனக்காகத்தான்.

மாத்திரை இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்று பெண்களும் பவளமும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தும்மல். மன்னித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அழைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 30, ஞாயிறு

வந்துவிட்டாள். பெயர் சிமிழி; மிருதுளா வைத்தது. கதவைத் தாண்டவிடாமல் நிறுத்தி சுகந்தி ஆரத்தி எடுத்தாள். சிமிழி ஆரத்தித் தட்டைப் பார்த்துத் தும்மினாள். இந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்தது.

பவளத்தின் வாசம் இருக்கட்டும் என்று அக்கா ஒரு பழைய துண்டைக் கொடுத்துவிட்டார். கேட்வரை வந்து வழியனுப்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. காசு கொடுத்து வாங்குகிறவனை என்ன கேள்வி என்று ஜனவரியில் எழுதிவைத்திருக்கிறேன். அக்கா, நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு முதல் நாளே கொடுத்திருந்தால் எனக்கு ஒரு நாய் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஹாலில் மூன்று இடத்தில் ஈரம். என் ஷூவில் ஒன்றைக் காணவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் அவசரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிருதுளா தரையில் உட்கார்ந்து சிமிழிக்குச் சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து, அதன் பின்பக்கத்தை லேசாகத் தட்டி, "போ தங்கம், அப்புச்சிக்கு டாட்டா சொல்லிட்டு வா" என்றாள்.

சிமிழி ஓடிவந்து என் கால்சட்டையைக் கடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்து நான்கு வயதில் அப்புச்சியா? தலையில் நாலு நரைமுடிகூடச் சரியாக வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேங்க் மேனேஜருக்கு இன்று அவிநாசி ரோடு. ஹோப் காலேஜ் சிக்னல் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. சிமிழிக்கு அம்மா, மிருதுளா. சிமிழிக்கு அப்புச்சி, நான். அப்படியென்றால் மிருதுளாவுக்கு நான்...

"மேடம், வண்டியை ஓரம் கட்டுங்க" என்றேன்.

பயந்துபோய் நிறுத்தினார். "என்ன சார், கிளட்ச் தப்பா விட்டுட்டேனா?"

"இல்லீங்க. அருமையா ஓட்டுறீங்க." கர்சீப்பை எடுத்தேன். "எனக்கு அலர்ஜி."

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மிருதுளா கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமிழியைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். டாக்டர் பார்த்தால் திட்டுவார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"சிமிழி, அப்புச்சி சொன்னேன்னு சொல்லு. உங்கம்மாவை முதல்ல ஹோம்வொர்க்கை முடிக்கச் சொல்லு."

மிருதுளா தலையைத் தூக்கவில்லை. காதுவரை சிவந்து, நோட்டில் எதையோ வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

"உங்க அப்புச்சிகிட்ட சொல்லு," என்றாள், "மாத்திரை போட்டாச்சான்னு கேட்டேன்னு."

போட்டாச்சு என்றேன்.